இரண்டு வேலியும் பத்து மாவும்

(உழவர் திருநாட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உழவைப் போற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. ஏரைப் போற்றுவோம், ஏர் பிடித்தவன் கையைப் போற்றுவோம், போற்றி முடித்தபின் அவரவர் வீடு செல்வோம். போற்றுதலை இன்று சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு குடியின் கணக்கைப் பார்ப்பது நன்று. ஒரு குடும்பம், நான்கு தலைமுறை, ஒரே நிலம். அந்நிலத்தில் உழவு முறை எவ்வாறு மாறிற்று? மாறிய ஒவ்வொரு முறையும் அக்குடியின் கையிலிருந்து எது போயிற்று, எது வந்தது? இவ்வளவே கேள்வி.

வெண்ணாற்றுப் பாசனத்தில், கீழைத் தஞ்சையில், அத்தகைய குடியொன்று இருப்பதாகக் கொள்க. அதற்குப் பெயரிட வேண்டுவதில்லை. பெயர் மாறினும் கதை மாறாத குடிகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. பாட்டன் காலத்தில் அக்குடிக்கு இரண்டு வேலி நன்செய். வேலியென்பது இருபது மா. ஏக்கர்க் கணக்கில் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஆக, பதின்மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்.

பாட்டன் ஏர் பூட்டிய காலம் மேட்டூர் அணைக்கு முந்தியது. காவிரியில் எப்போது நீர் வரும் என்பதை அன்று குடகுமலை மழையே முடிவு செய்தது. வந்தால் வெள்ளமாக வரும். 1924இல் வந்தது போலக் கரைகளை உடைத்துக்கொண்டும் வரும். வந்த நீரில் வண்டல் வரும். அந்த வண்டலே நிலத்துக்கு முதல் உரம். எஞ்சிய உரத்தைத் தொழுவமும் வேலியோரமும் தந்தன. கோடையில் நிலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். கொழிஞ்சியும் எருக்கும் ஆவாரையும் சேற்றில் மிதித்துத் தழையுரம் ஆக்குவார்கள். சித்திரையில் நல்லேர் பூட்டி, நீர் வந்ததும் சேடை கட்டி உழுது, பரம்படித்து, நாற்று விடுவார்கள்.

விதைக்கு அவர் எவர் வாயிலையும் மிதித்ததில்லை. விளைந்த வயலிற் செழித்த பகுதியைத் தனியே அறுத்து, அடித்து, உலர்த்தி, வைக்கோற்புரி சுற்றி, சாணம் மெழுகி விதைக்கோட்டையாகக் கட்டிவைப்பது வழக்கம். பள்ளக்காலுக்கு ஒரு நெல், மேட்டுக்காலுக்கு ஒரு நெல், உப்பு ஏறிய கடைமடைக்குக் குழியடிச்சான், வெள்ளம் நிற்கும் நிலத்துக்குக் காட்டுயானம், விருந்துக்குச் சீரகச் சம்பா என நிலம் அறிந்து நெல் வைத்திருந்தனர். குறுவை விதையோடு ஒட்டடான் விதையைக் கலந்து ஒரே வயலில் விடும் முறையும் அங்கே இருந்தது. குறுவை முன்னே விளைந்து அறுபட்டபின், அடியிலிருந்த ஒட்டடான் தழைத்து வளர்ந்து தை மாசியில் விளையும். ஒரு நடவில் இரண்டு அறுவடை! இதைக் கண்டறிந்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இவ்வளவும் கேட்டவுடன், "ஆகா, பொற்காலம்!" என்று சொல்ல வாய் வருகிறதன்றோ? அங்கேதான் நின்று எண்ண வேண்டும்.

பாட்டன் இரண்டு வேலியை உழுதார் என்கிறோம். அவர் உழவில்லை. அவர் வரப்பில் நின்றார். உழுதவன், நாற்றுப் பறித்தவன், மடை பார்த்தவன், கதிர் அடித்தவன் வேறொரு குடியைச் சார்ந்தவன். நட்டவளும் களையெடுத்தவளும் விதையைப் புடைத்துத் தேர்ந்தவளும் அக்குடிப் பெண்டிர். அவர்கள் சேரியில் இருந்தனர், பண்ணையாள் எனப்பட்டனர். தகப்பன் பட்ட கடனுக்கு மகனும் அதே பண்ணையில் உழைத்தான். பிழை செய்தால் சவுக்கடி. அதற்கும் அடங்காவிடில் சாணிப்பால் புகட்டல். இவை பிற நாட்டான் கட்டிய கதைகள் அல்ல. தஞ்சை மண்ணில், தமிழனுக்குத் தமிழன் செய்த கொடுமைகள். 1940களில் இவற்றை எதிர்த்து அம்மக்களை ஒன்று திரட்டிய சீனிவாசராவ் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதைத் தமிழுணர்வு பேசும் நாம் சற்று நாணத்தோடு நினைவிற் கொள்வது தகும்.

எனவே, நாம் 'குடும்ப உழவு' என்று சொல்லும்போது இரண்டு குடும்பங்களைச் சொல்கிறோம். ஒன்றன் பெயர் ஆவணத்தில் இருந்தது. மற்றொன்றன் பெயர் எங்கும் இல்லை. நிலத்தைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அப் பெயரில்லாத குடும்பத்தின் கையில் இருந்தது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. 120 அடி உயரம் நீர் தேக்கினால் 9,347 கோடி கன அடி கொள்ளும் அந்த அணை, காவிரியின் போக்கையே மாற்றிற்று. சூன் 12இல் மடை திறப்பது, சனவரி 28இல் அடைப்பது என ஆற்றுக்கு ஒரு நாள்முறை வந்தது. குறுவையும் தாளடியும் என இருபோகம் பெருகிற்று. நீர் உறுதியாயிற்று, ஆனால் வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்கிற்று. பாட்டன் தம் இறுதிக் காலத்தில் எரு வண்டிகளைக் கூடுதலாக அடிக்கத் தொடங்கியதற்கு அது ஒரு கரணியம்.

பாட்டனுக்கு ஆண்மக்கள் இருவர். நிலம் இரண்டாயிற்று. நம் கதையில் வரும் தந்தைக்கு ஒரு வேலி.

தந்தை ஏரைக் கைக்கொண்ட காலத்தில், 1952இல், தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களை அச்சட்டம் கட்டுப்படுத்திற்று. நினைத்தவுடன் ஆளை நீக்க இயலாது. குறித்த கூலியைக் கொடுத்தாக வேண்டும். பல நிலக்கிழார்கள் என் செய்தனர்? பண்ணையாள் முறையையே விட்டுவிட்டு நாட்கூலிக்கு மாறினர். கட்டும் போயிற்று, ஆண்டு முழுமைக்குமான நெல்லும் போயிற்று. விடுதலையும் வறுமையும் ஒரே நாளில் ஒருவன் வீட்டுக்கு வந்தால் அவன் எதை வரவேற்பான்? ஆயினும் அவன் விடுதலையையே வரவேற்றான் என்பது வரலாறு.

1960இல் இந்திய அரசு முதன்முதலாகத் தேர்ந்த ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகத் தஞ்சையில் செறிவு வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஊர்தோறும் வேளாண் அலுவலர் வந்தார். உரத்தைக் கடனாகத் தந்தார். கயிறு பிடித்து வரிசையாக நடச் சொன்னார். இவையெல்லாம் முன்னுரை. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. அதன் பெற்றோர் இரண்டு: சப்பானின் நோரின் 10, கோவை நெல் ஆய்வு நிலையம் தந்த சி.இ.பி. 24. 105 நாளில் விளைந்தது. உரமிட்டால் இட்ட அளவுக்கு விளைச்சல் காட்டிற்று. அடுத்து, பிலிப்பைன்சு நாட்டு அனைத்துலக நெல் ஆய்வு நிலையத்திலிருந்து 1966இல் வெளியான ஐ.ஆர். 8 வந்தது. இந்தோனேசியாவின் உயர நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் கலந்து பிறந்தது அது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பழைய நெல்லுக்கு உயரம் மிகுதி. உரம் மிகுதியாக இட்டால் கதிரின் சுமை தாளாமல் சாய்ந்துவிடும். குட்டை நெல் சாயாது. அதனால்தான் செயற்கை உரத்துக்கு ஏற்றதாயிற்று. ஆனால் குட்டை நெல்லுக்குத் தாளும் குட்டை. தாள் குறைந்தால் வைக்கோல் குறையும். வைக்கோல் குறைந்தால் மாடு குறையும். மாடு குறைந்தால் எரு குறையும். எரு குறைந்தால் உர மூட்டை வாங்கியாக வேண்டும். ஒரு விதையை மாற்றினார் தந்தை; அவ்விதை தொழுவத்தையே மாற்றிவிட்டது. உழுவை எந்திரம் வந்து மாட்டை விரட்டிற்று என்பர். மாடு அதற்கு முன்பே மெலியத் தொடங்கிவிட்டது.

தந்தை அறியாமற் செய்த செயலன்று இது. நாடு கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கியிருந்த காலம். ஊரில் பசி இருந்தது. ஒரு போகத்தில் முன்னிலும் மிகுதியாகக் களம் நிறைந்ததை அவர் கண்ணாற் கண்டார். மறுக்க எவ்வாறு இயலும்? அவரை இன்று பழிப்போர், அன்று அவர் வீட்டுத் திண்ணையில் நெல்லுக்குக் காத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தல் நன்று. புது நெல்லால் வந்த இடர்ப்பாடுகளும் உடனே தெரிந்தன. குறுவை அறுவடை மழைத் தொடக்கத்தில் வந்து விழுந்தது. ஈரநெல்லை வாணிகர் விலை குறைத்துக் கேட்டனர். புகையானும் குலைநோயும் வந்தன. அவற்றுக்குப் பாலிடால் போன்ற நஞ்சுகள் வந்தன. அந்நஞ்சு பூச்சியோடு வயல் நண்டையும் நத்தையையும் குரவை மீனையும் கொன்றது. நண்டும் நத்தையும் நிலக்கிழான் வீட்டுக் குழம்புக்கு வேண்டியவை அல்ல. கூலிக்காரன் வீட்டில் அவையே கறி. ஆகவே அவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

விளைச்சல் கூடிற்று, கூலி கூடிற்றா? கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்காக நடந்த போராட்டத்தின் முடிவில், 1968 திசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும். 1973இல் உயர்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பெற்ற நிலக்கிழார்களை விடுவித்தது. புது விதையின் வரலாற்றை எழுதுவோர் ஆடுதுறை 27ஐ எழுதுவர், ஐ.ஆர். 8ஐ எழுதுவர். அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில், அதே நெல்லின் பொருட்டு நடந்த இதை வேறோர் ஏட்டில் எழுதுவர். இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை. 1969இல் தஞ்சை மாவட்ட உழவுத் தொழிலாளர்க்கு நேரிய கூலிக்கெனத் தனிச்சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 திட்ட ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைக்கப்பெற்றது. நம் தந்தையின் ஒரு வேலியை அது தொடவில்லை.

மகன் காலத்துக்கு வருவோம். இதை விரைந்து கடந்து விடலாம்; ஏனெனில் தந்தை தொடங்கியதையே மகன் மிகுதியாகச் செய்தார். மீண்டும் பாகம் பிரிந்து நிலம் பத்து மா ஆயிற்று. மூன்று ஏக்கரும் ஒரு பங்கும். உழுவை எந்திரம் வாடகைக்கு வந்தது. ஆழ்துளைக் கிணறு இறங்கிற்று. 1990 முதல் உழவர்க்கெல்லாம் கட்டணமில்லா மின்னாற்றல் கிடைத்தது. 1972இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், கொள்முதல் நிலையங்களைத் திறந்து, நெல்லுக்கு அறுதி விலை கொடுத்தது. ஆனால் விதையும் உரமும் நஞ்சும் கடையிலிருந்தே வந்தன. பாட்டன் கணக்கில் செலவு என்பது பெரும்பாலும் நெல்லாகவே இருந்தது. மகன் கணக்கில் செலவெல்லாம் பணம். நெல் விளையாவிடினும் பணம் கொடுத்தாக வேண்டும். கூட்டுறவுக் கடன், அடகு, கைமாற்று என்னும் சொற்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கின. நாற்று முடி, பரம்பு, சேடை, குதிர், மரக்கால் என்னும் சொற்கள் மெல்ல மெல்ல நின்றன. பொருள் போனால் சொல்லும் போகும். அகரமுதலியில் அடைத்து வைப்பதனால் அது மீண்டும் வயலில் இறங்காது.

இதற்கிடையே காவிரி வழக்காயிற்று. 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐம்பதாண்டு எல்லை 1974இல் வந்தது. 1990இல் நடுவர் மன்றம். 1991இல் இடைக்காலத் தீர்ப்பு. 2007இல் இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரை 19,200 கோடி கன அடியிலிருந்து 17,725 கோடியாகக் குறைத்தது. தீர்ப்புகள் நீளமானவை, மகனுக்குத் தெரிந்தது ஒரே கணக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து மேட்டூர் மடை சூன் 12இல் திறக்கப்படவில்லை. எட்டுக் குறுவைக்கு ஆற்றை நம்பிய உழவன் ஏமாந்தான். 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. கடைமடையில் விதைத்த நெல் முளையிலேயே கருகிற்று. வயலைப் பார்க்கச் சென்றவர் வரப்பிலேயே வீழ்ந்து மாண்ட நிகழ்ச்சிகளை அக்குளிர்காலத்தில் படுகையின் ஊர்கள் பல கண்டன.

நான்காம் தலைமுறை, பெயரன். படித்தவன், ஓரளவு வெளியூரிற் பணியும் செய்தவன், தந்தை தளர்ந்தபின் பத்து மாவையும் எடுத்துக்கொண்டான். அவன் முன் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டிலும் அவன் கால் வைத்திருக்கிறான்.

ஒருவழி, பொறிவழி. நடவு எந்திரம் நடுகிறது. சங்கிலித் தடத்தில் ஊரும் அறுவடை எந்திரம் ஓர் ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தனியே கொட்டிவிடுகிறது. ஆள் கிடைக்கவில்லை என்பது அவன் சொல்லும் கரணியம். அது பொய்யன்று. ஆனால் ஏன் கிடைக்கவில்லை? பண்ணையாள் குடியின் பெயரர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றனர். சாணிப்பால் குடித்தவன் பெயரன் பின்னலாடைத் தறியில் நிற்பதை எந்த உழவுப் பற்றாளனும் குறை சொல்ல உரிமையற்றவன். போகாமல் ஊரிலே தங்கியவர்கள் பெண்டிர். அவர்களிலும் வயது முதிர்ந்தோர். அவர்கள் கையிலிருந்த நடவையும் அறுப்பையும் எந்திரம் வாங்கிக்கொண்டது. எந்திரத்தால் உழவனுக்கு நேரம் மிச்சம். எவளுடைய கூலி அந்த மிச்சம் என்பதைக் கேட்பாரில்லை.

மற்றொருவழி, மீள்வழி. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டிற் பிறந்து, அரசு வேளாண் பணியை உதறி, ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் 2013 திசம்பர் 30இல் மறையும் வரை இவ்வழியைச் சொன்னார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், 2006 முதல் நெல் திருவிழா நடத்தியவர் 'நெல்' செயராமன். இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வேறு விலை இல்லை. இவ்வாறு 174 பழைய நெல்வகைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பிவிட்டு 2018 திசம்பர் 6இல் அவரும் மறைந்தார். மடகாசுக்கர் நாட்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1983இல் கண்ட ஒற்றை நாற்று நடவும் தஞ்சைக்கு வந்து 'இராசராசன் 1000' என்று தமிழ்ப் பெயர் பெற்றது. பதினான்கு நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, ஒரு சாண் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு மூன்று கிலோ விதையே போதும். முன்பு இருபது, முப்பது கிலோ கொட்டிய நிலம் அது. வெளியிலிருந்து வந்தது என்பதனால் எதையும் தள்ளவேண்டுவதில்லை. விதையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

பெயரன் எட்டு மாவில் புதுநெல் வைக்கிறான். எந்திரம் நடுகிறது, எந்திரம் அறுக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக் காய வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு மாவில் காட்டுயானம் வைக்கிறான். எருவும் தழையும் அந்த இரண்டு மாவுக்கு மட்டுமே போதுமானவை. வீட்டில் மாடு ஒன்றே. பத்து மாவும் ஏன் பழைய முறைக்கு மாறவில்லை என்று நகரத்திலிருந்து வருவோர் அவனைக் கேட்கின்றனர். 180 நாள் நிற்கும் நெல்லுக்கு 180 நாளும் நீர் வரும் என்று யார் அவனுக்கு உறுதி தருவது? மாட்டை யார் தருவது? குறைந்த விளைச்சலுக்கு ஈடான விலையை யார் தருவது? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல், "பாட்டன் முறைக்குத் திரும்பு" என்று அவனுக்கு அறிவுரை சொல்வது எளிது. பாட்டன் முறைக்கு இரண்டு வேலி வேண்டும். அதனினும் மேலாக, வாய் திறவாத ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் இனி வாரார், வரவும் வேண்டா.

சென்ற அறுவடையில் ஒரு சிக்கல் எழுந்தது. இரண்டு மாவின் காட்டுயானத்தை அவன் விதைக்கு எடுத்து வைத்தான். கோணியிற் கட்டிய முந்தைய ஆண்டு விதையில் அந்து விழுந்திருந்தது. விதைக்கோட்டை கட்டுவது எப்படி என்று தந்தையைக் கேட்டான். தந்தை கண்டதுண்டு; கட்டியதில்லை. பாட்டனும் கட்டியதில்லை, கட்டுவித்தவர். வீட்டில் எவர்க்கும் தெரியவில்லை.

பெயரன் சேரிக்குச் சென்றான். அவன் பாட்டன் வரப்பில் நின்ற காலத்தில் அதே வயலில் நட்டவளின் மகள், எழுபதைக் கடந்தவள், அங்கே இருந்தாள். அவள் வந்தாள். களத்தில் அமர்ந்து புரி திரித்தாள். அடியில் வைக்கோலைப் பரப்பி, நொச்சித் தழையும் வேப்பந்தழையும் இட்டு, பனியிலும் வெயிலிலும் காய்ந்த நெல்லைக் கொட்டி, சுற்றிச் சுற்றி இறுக்கினாள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவன் கேட்டான். கையை வாங்கி அதன் மேல் வைத்து அழுத்திக் காட்டினாள். சாணம் மெழுகி முடித்ததும் எழுந்து, நாற்காலியில் அமர்ந்து கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் தாய் அந்தக் களத்தில் அமர்ந்ததே இல்லை.

போகும்போது, விதையில் இரண்டு மரக்கால் தனக்கு வேண்டும் என்றாள். அவள் மகன் ஊருக்குத் திரும்பி ஒரு மூன்று மா குத்தகைக்குப் பிடிப்பதாகப் பேச்சு இருக்கிறதாம். பெயரன் உடன்பட்டான். இப்போது அவ்வீட்டு உத்தரத்தில் இரண்டு கோட்டைகள் தொங்குகின்றன. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சித்திரையில் நல்லேர் நாளன்று இரண்டையும் இறக்குவார்கள்.